தாளம் சேர்தல்: தொழுகண்ணியிலிருந்து லேசர் வரை

தனக்கென்று ஒரு துடிப்பு உள்ள இரண்டு பொருள்களுக்கு இடையில் மிகச் சிறிய தொடர்பு ஒன்று ஏற்பட்டால், சற்று நேரத்தில் இரண்டும் ஒரே வேகத்தில் துடிக்கத் தொடங்கிவிடுவது உண்டு. இதற்கு ஒத்திசைவு என்று பெயர். ஒன்று மற்றொன்றுக்குக் கட்டளையிடுவதில்லை. வெளியிலிருந்து யாரும் தாளம் போட்டுக் கொடுப்பதுமில்லை. 1665 பிப்ரவரியில் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உடல்நலமின்றிப் படுத்திருந்தபோது, அறையில் தொங்கிய தம்முடைய இரண்டு ஊசல் கடிகாரங்களைக் கவனித்தார். ஒன்றின் ஊசல் இடப்பக்கம் போகும்போது மற்றதன் ஊசல் வலப்பக்கம் போயிற்று. அந்த ஒழுங்கு கொஞ்சமும் பிசகவில்லை. வேண்டுமென்றே கலைத்துவிட்டாலும் அரைமணி நேரத்துக்குள் பழையபடி எதிரெதிராக ஆடத் தொடங்கின. முதலில் அவர் காற்றைச் சந்தேகித்தார். பிறகுதான் இரண்டு கடிகாரங்களையும் தாங்கிய மரச்சட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவில் அசைவதும், அந்த அசைவே ஒன்றின் செய்தியை மற்றொன்றுக்குக் கொண்டு சேர்ப்பதும் விளங்கின.

ஒத்ததிர்வு என்பது வேறு. பாலத்தின் மேல் சீராக நடந்து போகும் படைவீரர்களின் காலடி பாலத்தின் இயல்பான அதிர்வெண்ணோடு பொருந்தினால் பாலம் பெரிதாக ஆடும். வீரர்கள் நின்றுவிட்டால் பாலமும் சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். அதற்கென்று சொந்தத் துடிப்பு கிடையாது. ஒத்திசைவுக்கோ இரண்டு தரப்பும் தனித்து விட்டாலும் துடித்துக்கொண்டே இருப்பவையாக இருக்க வேண்டும். பொதுவாக எழுதப்படும் விளக்கங்களில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுவதால்தான் இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

தனித்துத் துடிப்பதற்கு இரண்டு வேண்டும்: இழக்கும் ஆற்றலை ஈடுகட்ட ஓர் ஊற்று, ஊற்று எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள ஒரு கட்டுப்பாடு. இந்தக் கட்டுப்பாட்டைத்தான் இயற்பியலார் நேரியலற்ற தன்மை என்கிறார்கள். சொல் கடினமாக இருந்தாலும் பொருள் எளிது. உராய்வே இல்லாத ஓர் ஊஞ்சலைக் கற்பனை செய்துகொண்டால், ஒரு முழம் இழுத்து விட்டால் ஒரு முழமே என்றைக்கும் ஆடும், இரண்டு முழம் இழுத்து விட்டால் இரண்டு முழமே ஆடும். எங்கே தொடங்கியதோ அதை அது மறப்பதில்லை. இது நேரியல். சுவர்க்கடிகாரத்தின் ஊசலை எவ்வளவு இழுத்து விட்டாலும் சில நிமிடங்களில் தன் வழக்கமான வீச்சுக்குத் திரும்பிவிடும். அதிகமாக ஆடினால் உராய்வு அதை அடக்கும்; குறைவாக ஆடினால் சுருள்வில் அதைத் தள்ளும். வீச்சு இவ்வாறு கட்டுண்டு கிடக்கிறது. ஆனால் அந்த ஆட்டத்தில் இந்தக் கணம் ஊசல் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது எதுவுமில்லை. இந்த இடத்துக்குக் கட்டம் என்று பெயர். வீச்சை மாற்ற வலு வேண்டும். கட்டத்தைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்த ஒரு சுண்டு போதும். ஒத்திசைவின் சூட்சுமம் முழுவதும் இந்த ஒரு சுதந்திரத்தில் இருக்கிறது.

கொல்கத்தாவில் இந்தச் சூட்சுமத்தின் பக்கத்தில் முதலில் வந்து நின்றவர் அறிவியலாளர் ஜகதீஷ் சந்திர போஸ். அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு செடி. வங்காளத்தில் பன்சாடால் என்றும் தமிழ்நாட்டில் தொழுகண்ணி என்றும் வழங்கும் அந்தச் செடியில், ஒவ்வொரு பெரிய இலையின் அடியிலும் இரண்டு சிற்றிலைகள் இருக்கும். காற்றே இல்லாத இடத்திலும் அவை மேலும் கீழுமாகச் சுழன்றுகொண்டிருக்கும். கைகூப்பித் தொழுவது போலத் தோன்றுவதால் அந்தப் பெயர் என்பார்கள். ஒரு சுற்றுக்குச் சில நிமிடங்கள் ஆகும். வெப்பம் கூடினால் வேகம் கூடும், குளிர்ந்தால் மெதுவாகும். 1906இல் வெளியான தம் நூலிலும் அதற்குப் பிந்தைய ஆய்வுகளிலும் போஸ் இந்தத் துடிப்பை விலங்கின் இதயத் துடிப்போடு ஒப்பிட்டார்.

அவர் கண்டவற்றில் இன்றைய கண்ணுக்கு முக்கியமானது வேறொன்று. தொட்டாற்சிணுங்கியைப் போல இலை மடக்கும் பயோபைட்டம் என்ற சிறு செடியை மிதமாகத் தூண்டினால் ஒரு முறை மடங்கி விரியும். வலுவாகத் தூண்டினால் ஒரே தூண்டலுக்குப் பல முறை அடுத்தடுத்து மடங்கும். தொழுகண்ணிக்கு ஆற்றல் குறைந்து சிற்றிலை நின்றுவிட்டால், அதுவும் பயோபைட்டத்தைப் போலத் தூண்டினால் மட்டும் அசையும் நிலைக்கு இறங்கிவிடும். ஆக, ஒற்றை அசைவும் தொடர் துடிப்பும் இரு வேறு சாதிகள் இல்லை. உள்ளே சேர்ந்திருக்கும் ஆற்றல் ஓர் எல்லையைக் கடக்கும்போது ஒன்று மற்றொன்றாக மாறுகிறது. எல்லையைக் கடந்ததும் தானாகத் துடிக்கத் தொடங்குவதை விளக்கும் கணிதம் பால்தசார் வான் டெர் போல் வால்வுச் சுற்றுகளை ஆராய்ந்த 1920களில்தான் உருப்பெற்றது. போஸிடம் அந்தக் கணிதம் இல்லை. கையில் இருந்தது புகைபூசிய கண்ணாடித் தட்டும் துல்லியமான எழுதுகோலும்தான். அந்த எழுதுகோலை அவர் ஒத்ததிர்வினாலேயே நடுங்க வைத்து, தட்டில் புள்ளி புள்ளியாகத் தொட வைத்தார். உராய்வும் குறைந்தது, புள்ளிகளை எண்ணி நேரத்தையும் அளக்க முடிந்தது. 1917 நவம்பர் 30 அன்று அவர் தொடங்கிய போஸ் நிறுவனம் இன்றும் கொல்கத்தாவில் இயங்குகிறது.

கட்டத்தின் சுதந்திரம் எப்படி ஒத்திசைவாகிறது என்பதைப் பார்க்கக் கோயில் பிராகாரத்தை வலம் வரும் இருவரை எண்ணிக்கொள்ளலாம். பாதை மாறாது; பாதையில் அவரவர் நிற்கும் இடம்தான் கட்டம். ஒருவர் இயல்பாகவே சற்று வேகமாக நடப்பவர். பேசிக்கொண்டே போக விரும்புவதால் முந்தியவர் கொஞ்சம் தயங்குகிறார், பிந்தியவர் கொஞ்சம் எட்டி வைக்கிறார். இருவருடைய வேக வேறுபாடு, இவர்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கும் அளவுக்குள் அடங்கினால் இருவரும் ஒரே வேகத்தில் சுற்றுவார்கள். ஆனால் தோளோடு தோள் சேர்ந்து போவார்கள் என்று இல்லை. வேகமானவர் எப்போதும் ஓரடி முன்னால் இருப்பார். அந்த ஓரடி மாறாது. வேறுபாடு அளவை மீறினால் கதை வேறு. வெகுநேரம் சேர்ந்து நடப்பது போலத் தோன்றும். திடீரென்று வேகமானவர் பிய்த்துக்கொண்டு முழுச் சுற்று ஓடி, பின்னாலிருந்து மறுபடி வந்து சேர்ந்துகொள்வார். இந்த நழுவலை வானொலிச் சுற்றுகளில் 1946இல் கணக்கிட்டுச் சமன்பாடாக எழுதியவர் ராபர்ட் ஆட்லர். தொலைக்காட்சிக்கு ரிமோட் செய்து தந்தவர்களில் ஒருவராகத்தான் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது.

இருவருக்குப் பதில் ஆயிரம் பேர் என்றால் என்ன ஆகும்? 1967இல் ஆர்தர் வின்ஃப்ரீ இந்தக் கேள்வியை எழுப்பினார். 1975இல் ஜப்பானின் யோஷிகி குராமோட்டோ துல்லியமான விடை தந்தார். ஒவ்வொருவரும் கூட்டத்தின் சராசரியை மட்டும் பார்த்துத் தம் நடையைத் திருத்திக்கொள்வதாக அவர் வைத்துக்கொண்டார். இணைப்பு வலு குறைவாக இருக்கும்வரை கூட்டத்தில் எந்த ஒழுங்கும் தோன்றாது. வலுவைச் சிறிது சிறிதாகக் கூட்டினாலும் சிறிது சிறிதாக ஒழுங்கு வருவதில்லை. ஒரு குறிப்பிட்ட வாசலைத் தாண்டியதும், நடுத்தர வேகம் உள்ளவர்கள் சிலர் சேர்ந்து ஒரு கரு உண்டாகிறது; அந்தக் கரு சராசரியை வலுப்படுத்துகிறது; வலுப்பட்ட சராசரி மேலும் பலரை இழுக்கிறது. அந்த வாசல் எங்கே இருக்கும் என்பதைக் கூட்டத்தின் வேறுபாடுகளே தீர்மானிக்கின்றன. வேகங்களின் பரவல் இரண்டு மடங்கானால் தேவையான இணைப்பும் இரண்டு மடங்காகும். தன்னொழுங்கமைவு என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்திப் பகுதியில் 2022இல் வனத்துறை பதிவு செய்த மின்மினிக் கூட்டம் காடு முழுவதும் சேர்ந்து சிமிட்டியதும் இவ்வகைதான்; அதற்கு நடத்துநர் எவரும் கிடையாது.

மனிதர்கள் கடிகாரங்களை ஒன்றாக்கிய விதம் இதற்கு நேர்மாறு: அது மேலிருந்து வந்த ஆணை. பிரிட்டிஷ் இந்தியாவில் ரயில்கள் ஒரு காலம் சென்னை நேரத்தில் ஓடின. 1906இல் இந்திய நிலைநேரம் நடைமுறைக்கு வந்த பிறகும் கல்கத்தா தன் நேரத்தை விடாமல் 1948 வரை வைத்திருந்தது. மின்மினிகள் தாமாகவே முடிப்பதற்கு ஒரு நகரம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

லேசரைப் பற்றி இனிச் சொல்லலாம். பல லேசர்களை இணைப்பதற்கு முன்னால், ஒரு லேசரே ஒத்திசைவின் விளைவுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரண விளக்கில் ஒவ்வோர் அணுவும் தன்போக்கில் ஒளி விடுகிறது, கட்டங்களுக்குள் உறவில்லை. லேசரிலோ கோடானுகோடி அணுக்கள் ஒரே கட்டத்தில் ஒளி விடுகின்றன. ஏற்கெனவே இருக்கும் ஒளி, ஆற்றலேறிய அணுவைத் தன்னைப் போலவே இன்னோர் ஒளித்துகளை உமிழத் தூண்டும் என்று 1917இல் ஐன்ஸ்டைன் காட்டியிருந்தார். கொல்கத்தாவில் பிறந்து, பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் போஸிடம் பாடம் கேட்ட சத்யேந்திர நாத் போஸ், 1924இல் டாக்காவிலிருந்து அனுப்பிய கட்டுரையில் ஒளித்துகள்களை ஒன்றுக்கொன்று வேறுபாடு காண முடியாதவையாக எண்ண வேண்டும் என்றார். அப்படி எண்ணினால் அவை கூட்டம் சேரும் இயல்புடையவை என்பது வந்து விழுகிறது. ஒரு நிலையில் 1,000 ஒளித்துகள்கள் இருந்தால், அங்கே இன்னொன்று வந்து சேர்வதற்கான வாய்ப்பு காலியான நிலையைப் போல 1,001 மடங்கு.

1960 மே 16 அன்று தியடோர் மைமன் முதல் லேசரை ஒளிர வைத்தார். ஜெர்மனியின் ஹெர்மன் ஹாக்கன் அதைக் கோட்பாட்டளவில் ஆராய்ந்தபோது பழைய கதையே புதிய வேடத்தில் நின்றது. ஊட்டும் ஆற்றல் எல்லைக்குக் கீழே இருக்கும்வரை லேசர் வெறும் விளக்கு. எல்லையைத் தாண்டியதும் ஒரு கட்டம் வென்று மற்றவை அடங்குகின்றன. கண்ணாடிகளில் கசியும் ஒளிதான் இங்கே உராய்வு. ஆற்றலேறிய அணுக்கள்தான் சுருள்வில். ஒளி கூடக் கூட அந்த அணுக்கள் தீர்ந்து பெருக்கம் குறைவதுதான் கட்டுப்பாடு. அணுக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒளிப்புலம் ஹைகன்ஸின் மரச்சட்டத்தின் வேலையைச் செய்கிறது. ஒளியின் வீச்சு கட்டுண்டது, கட்டம் சுதந்திரமானது. எனவே ஒரு லேசரின் கட்டத்தை இன்னொரு லேசரிலிருந்து கசியும் சிறிதளவு ஒளியால் நகர்த்த முடியும்.

அப்படி நகர்த்த வேண்டிய தேவை என்ன? கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் 1950 முதல் இயங்கும் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்தில் எர்பியம், இட்டர்பியம், தூலியம் போன்ற அருமண் தனிமங்கள் கலந்த கண்ணாடி இழைகளை உருவாக்குகிறார்கள். அவற்றிலிருந்து இழை லேசர்கள் பிறக்கின்றன. மயிரிழை போன்ற கண்ணாடிக்குள் அடைபடும் ஒளிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதை மீறினால் கண்ணாடியே ஒளியைச் சிதறடிக்கும், சில வேளை உருகியும் போகும். ஆகவே அதிக வலுவுக்கு வழி, பல இழைகளின் ஒளியைச் சேர்ப்பது. பத்து லேசர்களைக் கட்ட உறவு இல்லாமல் ஒரு புள்ளியில் விழச் செய்தால் அங்கே பத்து மடங்கு வெளிச்சம். கட்டங்கள் பூட்டிக்கொண்டால் நூறு மடங்கு. கூடுதல் ஆற்றல் எங்கிருந்தும் வரவில்லை. பக்கங்களில் சிதறியிருக்க வேண்டிய ஒளி நடுவில் குவிந்துவிட்டது.

காகிதத்தில் எளிதாகத் தோன்றும் இந்தப் பூட்டு, சோதனைக்கூடத்தில் பாடாய்ப் படுத்தும். ஒரு மைக்ரான் அலைநீள ஒளி நொடிக்கு 300 லட்சம் கோடி முறை துடிக்கிறது. இரண்டு லேசர்களுக்கு இடையிலான இணைப்பு நொடிக்கு 300 கோடி துடிப்பு அளவிலான வேறுபாட்டைத்தான் சமாளிக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டின் இயல்பான அதிர்வெண்களும் லட்சத்தில் ஒரு பங்குக்குள் பொருந்த வேண்டும். வெப்பநிலை சற்று மாறினாலே அது கெட்டுவிடும். பூட்டிக்கொண்டாலும் வேண்டிய விதத்தில் பூட்டிக்கொள்ளும் என்ற உறுதி கிடையாது. வரிசையாகச் செதுக்கிய குறைக்கடத்தி லேசர்கள் பல நேரம் ஹைகன்ஸின் ஊசல்களைப் போல அடுத்தடுத்தவை எதிரெதிர்க் கட்டத்தில் நிற்கும்; நடுவில் குவிய வேண்டிய ஒளி இரண்டு கற்றைகளாகப் பிரிந்து நடுவில் இருள் விழும். தாமதம் மற்றொரு தொல்லை. ஒளி ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர்தான் போகும். குறைக்கடத்தி லேசரின் உள்ளசைவுகளும் ஏறத்தாழ அதே நானோநொடி அளவில் நடப்பதால், ஒரு முழத் தூரத்திலுள்ள கண்ணாடியிலிருந்து திரும்பி வரும் ஒளிகூட அதற்குப் பழைய செய்திதான். பழைய செய்தியைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ள முயலும் லேசர் தடுமாறிக் கேயாஸ் எனப்படும் கணிக்க முடியாத ஏற்ற இறக்கத்தில் விழுகிறது.

கேயாஸில் விழுந்த இரண்டு பொருள்கள் ஒத்திசைய முடியாது என்று நெடுநாள் நம்பிக்கை இருந்தது. மிகச் சிறிய வேறுபாட்டையும் பெரிதாக்குவதுதானே அதன் குணம்! 1990இல் லூயி பெக்கோராவும் தாமஸ் கரோலும் அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். 1994இல் ரஜர்ஷி ராயும் ஸ்காட் தார்ன்பர்கும் இணைக்கப்பட்ட இரண்டு லேசர்கள் கேயாஸிலும் சேர்ந்து ஏறி இறங்குவதைச் சோதனையில் காட்டினார்கள். அதே 1994இல் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கே. முரளியும் மு. லட்சுமணனும் லியோன் சுவாவுடன் சேர்ந்து, மேசை மேல் வைத்துப் பார்க்கக்கூடிய மிக எளிய கேயாஸ் மின்சுற்று ஒன்றை அமைத்தார்கள். மூவர் பெயராலும் அது இன்று வழங்குகிறது. கேயாஸ் லேசரின் சலசலப்புக்குள் செய்தியை ஒளித்து அனுப்பி, அதே தாளத்தில் ஆடும் மற்றொரு லேசரைக் கொண்டு பிரித்தெடுக்கலாம். 2005இல் ஏதென்ஸ் நகரின் 120 கிலோமீட்டர் இழைவழியில் அது செய்து காட்டப்பட்டது.

முழு ஒழுங்கும் முழுக் குழப்பமும் மட்டும்தான் முடிவுகளா என்றால் இல்லை. தானாகத் துடிக்கும் பொருள்களை, அதாவது அலையியற்றிகளை, ஒரே மாதிரியானவையாக எடுத்து ஒரே மாதிரி இணைத்தாலும், ஒரு பகுதி தாளம் சேர்ந்தும் மறுபகுதி கலைந்தும் நிலைத்திருக்க முடியும் என்று 2002இல் குராமோட்டோவும் பட்டோக்டோக்கும் கண்டார்கள். கிரேக்கப் புராணத்தின் சிங்கமும் ஆடும் பாம்பும் கலந்த விலங்கின் பெயரால் 2004இல் அது கிமேரா நிலை என்று பெயர் பெற்றது. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் திபாகர் கோஷின் குழு இதில் தொடர்ந்து உழைத்துவருகிறது. தங்களுக்குள் எந்த இணைப்பும் இல்லாத நரம்பணுக்களிலும், வேறோர் அடுக்கின் வழியாகச் செய்தி போய்வந்தால் கிமேரா தோன்றும் என்று சௌமென் மாஜி, மட்யாஸ் பெர்க் ஆகியோருடன் சேர்ந்து 2016இல் அவர் கணக்கிட்டுக் காட்டினார். பாதி மூளை மட்டும் உறங்கும் டால்பின்களை இந்த நிலைக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. கவர்ச்சியான உதாரணம், ஆனால் நிறுவப்பட்டதைவிடச் சற்று அதிகம் சொல்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆர்.ஐ. சுஜித்தின் குழு எரியும் வாயுவின் வெப்பத் துடிப்பும் அழுத்தத் துடிப்பும் தாளம் சேர்வதை ஆராய்கிறது. ராக்கெட் எஞ்சின்களில் அந்தத் தாளம் சேர்ந்தால் ஆபத்து.

ஆகவே ஒத்திசைவு எப்போதும் விரும்பத்தக்கது என்று கொள்ள முடியாது. ஆனால் அது அறுவதே ஆபத்தாகும் இடமும் உண்டு; கொல்கத்தா அதை ஒரு பிற்பகலில் நேரில் கண்டது. மின்நிலைய ஜெனரேட்டர்களும் அலையியற்றிகளே. இரு துருவ ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் 50 ஹெர்ட்ஸ். ஒரே மின்தொகுப்பில் உள்ளவை அனைத்தும் கம்பிகளின் வழியாக ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு அந்தத் துடிப்பில் நிற்கின்றன. குராமோட்டோவின் சமன்பாட்டோடு சுழலும் உலோகத்தின் நிலைமத்தைச் சேர்த்தால் மின்பொறியாளர்களின் சமன்பாடு கிடைத்துவிடும். 2012 ஜூலை 31 அன்று பகல் ஒரு மணியளவில் மத்தியப் பிரதேசத்தின் பீனா, குவாலியர் இடையிலான 400 கிலோவோல்ட் பாதை துண்டிக்கப்பட்டது. மேற்கிலிருந்து வடக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் கிழக்குத் தொகுப்பைச் சுற்றிக்கொண்டு பாய்ந்தது. இரு பக்கத்து ஜெனரேட்டர்களின் கட்ட வேறுபாடு தாங்க முடியாத அளவுக்கு விரிந்து, பிராகாரத்தில் நடப்பவர் பிய்த்துக்கொண்டு ஓடியது போல ஒத்திசைவு அறுந்தது. வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் விழுந்தன. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி அது.

கொல்கத்தா நகருக்கு மின்சாரம் தரும் சி.இ.எஸ்.சி. நிறுவனம் அப்போது பெருந்தொகுப்பிலிருந்து தன்னை வெட்டிக்கொண்டு, சொந்த ஜெனரேட்டர்களும் சொந்தத் தேவையுமாகத் தனித்தீவாய் நின்றது. சுற்றிலும் மாநிலங்கள் இருண்டிருக்க, அந்த வட்டாரத்தில் பிழைத்த சில இடங்களில் கொல்கத்தாவும் ஒன்று. தமிழ்நாடும் தப்பியது, அதற்குக் காரணம் வேறு. தெற்குத் தொகுப்பு அன்று மற்றவற்றோடு நேர்திசை மின்சாரத்தால் மட்டுமே இணைந்திருந்தது. நேர்திசை மின்சாரம் ஆற்றலைக் கொண்டு வரும், கட்டத்தைக் கொண்டு வராது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர், சோலாப்பூர் இடையிலான 765 கிலோவோல்ட் பாதையின் வழியாகத் தெற்கும் தாளத்தில் சேர்ந்தது. அன்றிலிருந்து ஹூக்ளிக் கரையின் பட்ஜ் பட்ஜ் மின்நிலையத்தில் சுழலும் ஜெனரேட்டரும் நெய்வேலியில் சுழலும் ஜெனரேட்டரும் ஒரே அதிர்வெண்ணில் துடிக்கின்றன.